ஒவ்வொரு வீட்டின் பங்கும்

(நமதூர் தொடக்கப் பள்ளியின் கூரைச் சீரமைப்பு நிதிக்காகக் கூட்டப்பெற்ற பெற்றோர் மற்றும் ஜமாஅத்தார் கூட்டத்தில், பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

  தங்கள் செல்வங்களை நம்மை நம்பி நம் பள்ளிக்கு அனுப்பிவைத்து, இன்று நம் அழைப்பையும் ஏற்று வந்திருக்கும் பிற சமயச் சகோதர சகோதரிகளுக்கு என் நெஞ்சார்ந்த வரவேற்பைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பழைய ஓட்டுக் கட்டடத்தின் நிலை உங்களில் பலருக்குத் தெரியும். கைமரங்களைக் கரையான் அரித்துவிட்டது. சென்ற மழைக்காலத்தில் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்தினார்கள். நம் பள்ளி அரசு உதவி பெறும் பள்ளி. ஆசிரியர்களின் ஊதியத்தை அரசு தருகிறது. பாடநூலும் சீருடையும் மதிய உணவும் அரசு தருகிறது. காலை உணவுத் திட்டமும் 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதிகளிலுள்ள உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டுவிட்டது. ஆனால் கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. அதாவது ஜமாஅத்தின் பொறுப்பு. 2004 ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டார்களே, அந்த நாளை இந்த மாவட்டங்களில் பிள்ளை பெற்ற எவரும் மறந்திருக்க முடியாது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கட்டட உறுதிச் சான்று வேண்டும் என்று அதிகாரிகள் கேட்பதை வெறும் தொந்தரவு என்று பேசுவோரும் நம்மிடையே உண்டு. அப்படிப் பேசுவோர் அந்தக் கைமரத்தை ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

செலவு எவ்வளவு என்பதைப் பொருளாளர் அவர்கள் சற்று முன்னர் படித்துக் காட்டினார்கள். மற்றொரு செய்தியையும் அவர்கள் சொன்னார்கள். வெளிநாட்டில் பணிபுரியும் நமதூர்ப் பெருந்தகை ஒருவர், முழுத் தொகையையும் தாம் ஒருவரே ஏற்றுக்கொள்வதாகக் கடிதம் எழுதியிருந்தார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டிருந்தார். அல்லாஹ் அவருடைய பொருளிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக! ஆனால் நிர்வாகம் அவருக்கு எழுதிய பதிலில், பாதியை மட்டும் தாங்கள் தாருங்கள், மறுபாதியை ஊரார் தரட்டும் என்று கேட்டுக்கொண்டது. அவரும் மனமுவந்து இசைந்தார். இச்செய்தி தெரிந்ததிலிருந்து பள்ளிவாசல் வாசலிலும் கடைத்தெருவிலும் ஒரே கேள்வி: ‘முழுவதையும் தருகிறேன் என்றவரிடம் வாங்காமல், வீடு வீடாக நூறும் இருநூறும் ஏன் கேட்க வேண்டும்?’ நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லவே நான் இங்கே நிற்கிறேன்.

முன்பு நான் இமாமாகப் பணியாற்றிய ஓர் ஊரில் இப்படித்தான் ஒரு செல்வந்தர் பள்ளிக்கூடத்தை முழுவதுமாகத் தம் செலவிலேயே கட்டித் தந்திருந்தார். அழகான கட்டடம், வாசலில் சலவைக்கல்லில் அவருடைய தகப்பனார் பெயர். ஒருநாள் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் குழாய் உடைந்துபோயிற்று. அதை மாற்றப் பெரிய தொகை ஆகாது. மாதங்கள் கடந்தும் எவரும் மாற்றவில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்ல வந்த ஒரு பெற்றோரிடம் கேட்டேன். ‘ஹஜ்ரத், அது அவர் கட்டிய பள்ளிக்கூடம், அவரிடம்தான் சொல்ல வேண்டும்’ என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். தம் வீட்டுக் குழாய் சொட்டினால் அன்றே சரிசெய்துவிடுவார். அந்தப் பள்ளியில் தமக்கு ஒரு செங்கல் கூட இல்லை என்ற எண்ணம்தான் அவரைத் தடுத்தது. நம் நிர்வாகம் பாதியை ஊராரிடம் விட்டு வைத்ததன் காரணம் இதுவே. நாம் சேர்க்கப் போவது கூரைக்கான தொகை மட்டுமன்று. அக்கூரையின் கீழ் இருக்கும் பள்ளி நம்முடையது என்று சொல்லும் வீடுகளையும் சேர்க்கப் போகிறோம். ஒரு வீட்டார் ஐம்பது ரூபாய் தந்துவிட்டால், ஓடு மாற்றினார்களா, மரம் நல்ல மரமா என்று வந்து பார்ப்பார்கள். தலைமை ஆசிரியையிடம் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்பவர்கள் தம் பிள்ளையை அந்தப் பள்ளியிலேயே சேர்ப்பார்கள். மாணவர் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் கணக்கிடப்படுகின்றன என்பதை நாம் மறந்துவிடலாகாது. புதுக் கூரை போட்டு, அதன் கீழ் அமரப் பிள்ளைகள் இல்லாமற்போனால் நாம் யாருக்காகக் கட்டினோம்?

இது புதிய யோசனை அன்று. காமராசர் அவர்கள் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மதிய உணவுத் திட்டம் முதலில் ஊர் மக்களின் நன்கொடையை நம்பியே நடந்தது. அரசு தன் பங்கைப் பின்னர்தான் சேர்த்தது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்று முன்கூட்டியே பட்டியல் எழுதிவிடுவார்கள். ஒருவர் நிலம் தருவார். ஒருவர் பெஞ்சு தருவார். கரும்பலகை, சுவர்க்கடிகாரம், தண்ணீர்ப் பானை, பிள்ளைகளுக்குச் சீருடை என்று அவரவர் இயன்றதைத் தருவார்கள். வசதி படைத்த ஊர்களில் மட்டுமன்று, வறிய ஊர்களிலும் இது நடந்தது. அந்தத் தலைமுறையினரிடம் நம்மைவிடப் பணம் அதிகம் இருந்ததாக எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர்களிடம் கேட்ட முறையில் ஒரு நுட்பம் இருந்தது. ‘கல்வி வளர்ச்சி நிதி’ என்று பொதுவாகக் கேட்கவில்லை. ‘இரண்டாம் வகுப்புக்கு ஒரு கரும்பலகை வேண்டும்’ என்று கேட்டார்கள். கொடுத்தவர் தாம் கொடுத்ததைப் போய்ப் பார்க்க முடிந்தது. அதில் தம் பேரன் எழுதுவதையும் பார்க்க முடிந்தது.

நம் வீடுகளில் இருந்த பிடி அரிசியையும் நினைத்துப் பாருங்கள். நம் பாட்டிமார்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். கலயம் நிறைந்ததும் மக்தபுக்கோ மத்ரஸாவுக்கோ போய்ச் சேரும். என்னைப் போன்ற எத்தனையோ ஆலிம்கள் அத்தகைய அரிசிச் சோற்றை உண்டுதான் ஓதினோம். அந்த அரிசியை யார் தருவது என்று முடிவு செய்தவர் வீட்டுத் தலைவர் அல்லர். அடுப்படியில் நின்ற பெண்மணி. அவர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. எவர் வீட்டிலிருந்து எத்தனை பிடி என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கவும் இல்லை. ஏழை வீட்டுப் பிடிக்கும் செல்வந்தர் வீட்டுப் பிடிக்கும் அளவில் வேறுபாடு இருந்திருக்கலாம். கலயத்தில் விழுந்த பின் அதை யார் பிரித்தறிவார்?

இன்று நாம் எப்படிக் கேட்கிறோம்? ஜும்ஆ முடிந்ததும் நான் எழுந்து அறிவிப்புச் செய்கிறேன். கேட்பவர்கள் ஆண்கள். பிள்ளையின் பள்ளியில் மழை ஒழுகுகிறது என்பதை அறிந்தவர் தாய். ஈரமான புத்தகத்தை அடுப்போரம் வைத்து உலர்த்துபவர் அவர்தாம். பல வீடுகளில் கணவர் கடல் கடந்து இருக்கிறார். ஆக, தேவையை அறிந்தவருக்கு அறிவிப்புப் போய்ச் சேர்வதில்லை. அறிவிப்பைக் கேட்டவருக்குத் தேவை தெரிவதில்லை. கேட்ட ஆண்களும் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் அமர்ந்ததும் மறந்துவிடுகிறார்கள். இதில் நானும் நீங்களும் ஒருவரையொருவர் நன்கு அறிவோம்.

காலத்தையும் நாம் பார்ப்பதில்லை. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பள்ளிக்காகக் கேட்பது பொருத்தம் என்று தோன்றும். ஆனால் நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையேறி நிற்கும் வீட்டுக்குப் போய், அதுவும் புத்தகப் பைக்கும் செருப்புக்கும் கடன் வாங்கியிருக்கும் வேளையில், ரசீதுப் புத்தகத்தை நீட்டினால் அந்த வீட்டார் என்ன செய்வார்கள்? கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று பிள்ளையைவிட்டுச் சொல்லச் செய்வார்கள். பிறகு நாம் கூடி அமர்ந்து, இந்தத் தெருவார்க்குக் கல்வியில் அக்கறை இல்லை என்று பேசிக்கொள்கிறோம். பொய் சொல்ல அந்தப் பிள்ளையைப் பழக்கியதில் கேட்கப் போனவர்களுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

எல்லாவற்றிலும் பெரிய தடை வெட்கம். பெயர் வாசிக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். பத்தாயிரம், ஐயாயிரம் என்று வாசித்துக்கொண்டே வந்து நூறு ரூபாயில் குரல் தாழ்கிறது. அந்த நூறு ரூபாய்க்கு உரியவர் மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். அடுத்த முறை அவர் தரமாட்டார். தர இயலாமல் அல்ல. தந்தால் தெரிந்துவிடுமே என்று.

பேரன்பிற்குரியவர்களே! ஹிஜ்ரி 9 ஆம் ஆண்டு தபூக் பயணத்திற்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொருளுதவி கேட்டபோது உஸ்மான் (ரலி) அவர்கள் ஆயிரம் பொற்காசுகளைக் கொண்டுவந்து அவர்களின் மடியில் கொட்டினார்கள். அதை எல்லா மேடைகளிலும் சொல்கிறோம். அதே நிதிக்கு அபூ அகீல் (ரலி) என்ற தோழர் தந்ததை அந்த அளவுக்குச் சொல்வதில்லை. அவர் கூலி வேலை செய்பவர். இரவெல்லாம் தண்ணீர் இறைத்துக் கூலியாகப் பெற்ற பேரீச்சம் பழங்களில் ஒரு பகுதியை வீட்டாருக்கு வைத்துவிட்டு, அரை ஸாஉ அளவைக் கொண்டுவந்தார். நயவஞ்சகர்கள் அதைப் பார்த்து எள்ளி நகையாடினார்கள். நிறையத் தந்தவரைப் பார்த்து, பகட்டுக்காகத் தருகிறார் என்றார்கள். குறைவாகத் தந்தவரைப் பார்த்து, இது இறைவனுக்குத் தேவையா என்றார்கள். இரு சாராரையும் பழித்த அவர்களைக் கண்டித்துத் திருமறையின் 9 ஆம் அத்தியாயத்தில் வசனம் இறங்கியது. அந்தப் பழங்களைக் குவிந்திருந்த தர்மப் பொருட்களின் மேலே பரப்பி வைக்குமாறு நபியவர்கள் கூறினார்கள் என விரிவுரை நூல்களில் காண்கிறோம். நம் பட்டியல் வாசிப்பில் அபூ அகீல் (ரலி) அவர்களின் பெயர் எந்த இடத்தில் வந்திருக்கும், எந்தக் குரலில் வாசிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

முழர் குலத்தார் வந்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றிருக்கிறது. உடுத்த உடையின்றிக் கிழிந்த கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு அவர்கள் வந்து நின்றபோது, அண்ணலாரின் முகம் வாடிப்போயிற்று. தொழுகை முடிந்து உரை நிகழ்த்தினார்கள். காசோ, துணியோ, கோதுமையோ, பேரீச்சம் பழமோ, அதுவும் பாதிப் பழமே ஆயினும் கொடுங்கள் என்ற கருத்தில் கேட்டார்கள். உடனே மக்கள் எழுந்து ஓடி வந்தார்களா? சற்றுத் தாமதித்தார்கள் என்றும், அதன் வருத்தம் நபியவர்களின் முகத்தில் தெரிந்தது என்றும் ஓர் அறிவிப்பில் வருகிறது. கேட்டவர்கள் அல்லாஹ்வின் தூதர், கேட்கப்பட்டவர்கள் ஸஹாபாக்கள். அங்கேயே ஒரு தயக்கம் இருந்தது என்றால் நம் ஜமாஅத்தில் தயக்கம் இருப்பதைக் கண்டு நிர்வாகிகள் மனம் உடையத் தேவையில்லை. பிறகு அன்சாரி ஒருவர் கையால் தூக்க மாட்டாத ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். உணவும் உடையுமாக இரண்டு குவியல்கள் சேர்ந்தன. நபியவர்களின் முகம் பொன்போல் ஒளிர்ந்தது. அந்த முதல் மனிதர் முழுத் தேவையையும் தாமே தீர்த்துவைத்துவிட்டுப் போகவில்லை. மற்றவர்களுக்கு வழி திறந்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து எழுதிய நம் பெருந்தகைக்கும் அந்த இடத்தையே நாம் தந்திருக்கிறோம்.

இனி, இந்நிதி தொடர்பாக என்னிடம் கேட்கப்பட்ட மார்க்க விளக்கங்கள் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜகாத் பணத்தைக் கூரைக்குத் தரலாமா என்று பலர் கேட்டார்கள். ஜகாத் பெறத் தகுதியுடையவர்கள் எட்டு வகையினர் எனத் திருமறை வரையறுத்துவிட்டது. உரியவருடைய கையில் அது உடைமையாகச் சேர வேண்டும்; கட்டடத்திற்கு அதைச் செலவிடக் கூடாது என்பதே மத்ஹபுச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. ஆகவே ஜகாத்தை ஏழைப் பெற்றோரின் கையிலேயே கொடுங்கள். அவர் தம் பிள்ளைக்குச் செருப்பு வாங்கட்டும், கடனை அடைக்கட்டும். கூரைக்கு ஸதகா தாருங்கள். ஸதகாவுக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லை. அக்கூரையின் கீழ் எந்தச் சமயத்துப் பிள்ளை அமர்ந்தாலும் கொடுத்தவருக்கு நன்மை உண்டு.

பள்ளி ஆண்டு விழாவில் பத்து ரூபாய்ச் சீட்டு விற்று, குலுக்கல் முறையில் மிக்ஸி பரிசு தரலாம், நிறையத் தொகை சேரும் என்று இளைஞர்கள் ஆர்வத்தோடு வந்தார்கள். அவர்களின் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, ஒருவருக்கு விழுந்து மற்றவருக்கு விழாமற்போவது சூதாட்டத்தின் பாற்பட்டது. தமிழக அரசே 2003 ஆம் ஆண்டு லாட்டரிச் சீட்டைத் தடை செய்துவிட்டது. அரசு கதவடைத்த ஒன்றை நாம் பள்ளிக்கூடத்துச் சன்னல் வழியாக உள்ளே விடுவதா? ஏலம் விடலாம். நபியவர்களே ஓர் ஏழை அன்சாரியின் விரிப்பையும் பாத்திரத்தையும் ஏலம் விட்டு இரண்டு திர்ஹமுக்கு விற்றுத் தந்த செய்தி நபிமொழித் தொகுப்புகளில் உண்டு. கோழியும் முட்டையும் முதல் காய்ப்புத் தேங்காயும் பள்ளிவாசலில் ஏலம் விட்டுப் பழகியவர்கள்தாமே நாம். ஒரு முட்டைக்காக இரண்டு பெரிய மனிதர்கள் போட்டியிட்டு விலையை ஏற்றும்போது நமக்கும் பொழுது போகும். ஆனால் அந்தப் போட்டி பகையாக வளர்ந்த ஊர்களும் உண்டு. ஆதலால் ஏலம் விடுபவர் சிரித்த முகத்துடன் சீக்கிரம் முடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிப் பொருளாளர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒரு வார்த்தை. இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் பணிபுரியும் நம் பிள்ளைகள், தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக முறைப்படி அனுப்புவதில் தடை இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களிடமிருந்து பெறுவதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். உறவினர் மூலம் கையில் கொடுத்தனுப்புகிறேன் என்று எவரும் பொருளாளரை வற்புறுத்த வேண்டாம். நல்ல காரியத்துக்காக அவரை நீதிமன்றப் படிகளில் ஏற்றிவிடாதீர்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு நான் பணிவோடு வைக்கும் கோரிக்கை ஒன்றுண்டு. இந்நிதிக்காகப் பிள்ளைகளின் கையில் ரசீதுப் புத்தகமோ உண்டியலோ கொடுத்தனுப்ப வேண்டாம். வகுப்பில் நிற்கவைத்து, யார் கொண்டுவந்தீர்கள், யார் கொண்டுவரவில்லை என்று கேட்க வேண்டாம். அதிகம் கொண்டுவந்த பிள்ளைக்குப் பரிசும் வேண்டாம். பிள்ளைகளை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்தக் கூடாது என 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அச்சட்டம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என 2014 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது என்பதை நான் அறிவேன். பிள்ளையின் மனத்தை நோகடிக்கக் கூடாது என்பதற்கு நமக்குச் சட்டத்தின் துணை தேவையா? ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டில் பணம் இல்லை என்பதைத் தன் வகுப்பார் முன்னிலையில் ஒப்புக்கொள்ளும் நிலைக்கு ஆளாகிவிட்டால், அப்பணத்தில் போட்ட கூரையின் கீழ் அவள் எப்படி மகிழ்ச்சியோடு அமர்வாள்? இது பெற்றோருக்கும் ஜமாஅத்துக்கும் இடையிலான காரியம். பிள்ளைகள் செய்ய வேண்டியது வேறு: கூரை வேலை நடக்கும்போது தங்கள் வகுப்பைத் தாங்களே படம் வரைந்து, அதைத் தங்கள் வீட்டாருக்குக் காட்டட்டும். அதற்கு வண்ணப் பென்சில் வாங்கித்தர நான் பொறுப்பேற்கிறேன்.

நிர்வாகம் முடிவு செய்திருக்கும் முறை இதுதான். ஒரு வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய். இயன்றவர் கூடுதலாகத் தரலாம். இயலாதவர் ஐந்து ரூபாய் தரலாம். இரண்டும் மூடிய உறையில்தான். உறையின் மேல் வீட்டு எண் மட்டும் இருக்கும், தொகை இராது. இருநூறு வீடுகள் சேர்ந்தால் ஐம்பது ரூபாய் வீதம் மாதம் 10,000 ரூபாய்; ஓராண்டில் 1,20,000 ரூபாய். இது போதாதே என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். போதாதுதான். மீதியை உணவு விழா, ஏலம், முன்னாள் மாணவர்களின் நன்கொடை ஆகியவற்றால் நிரப்ப வேண்டும். உறைகளை வாங்க வீட்டுக்கு வருபவர்கள் பெண்கள், தெருவுக்கு இருவர். மீன்பிடித் தடைக்காலத்தில் கடல் தொழிலாளர் வீடுகளுக்கு அவர்கள் வரமாட்டார்கள். ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பு இராது. எத்தனை வீடுகள் பங்கு கொண்டன என்ற எண்ணிக்கை மட்டும் அறிவிக்கப்படும். இருநூறில் எத்தனை என்று ஒவ்வொரு ஜும்ஆவிலும் நானே சொல்வேன்.

உணவு விழாவைப் பற்றித் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு பண்டம். அதற்கு மேல் வேண்டாம். வட்டிலப்பமும் தொதலும் செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். பிற சமயத் தாய்மார்களின் அதிரசத்துக்கும் முறுக்குக்கும் சென்ற விழாவில் இருந்த கூட்டத்தை நானே கண்டேன். ஆனால் அண்டை வீட்டாரைவிடக் குறையக் கூடாது என்று கடன்வாங்கி முந்திரியும் நெய்யும் வாங்கினால், அந்தச் செலவைப் பள்ளிக்கே கொடுத்திருக்கலாமே! தாமே செய்து, தம் பிள்ளைகளைவிட்டுத் தாமே வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டு முடிக்கும் விழாவாகவும் அது ஆகிவிடக் கூடாது. ஆகவே அக்கம் பக்கத்து ஊர்களுக்கும் அழைப்பு அனுப்பப்படும். செய்ய இயலாத முதிய தாய்மார்கள் வந்து அமர்ந்து, இலையும் தாளும் மடித்துக் கொடுத்தாலும் அது பங்குதான்.

கொத்தனார், தச்சர், மின் பணி செய்வோர், வண்டி வைத்திருப்போர் ஆகியோரிடம் நிர்வாகம் பணம் கேட்கவில்லை. ஒருநாள் உழைப்பைக் கேட்கிறது. பழைய ஓடுகளை இறக்க ஆள் வேண்டும். நல்ல ஓடுகளைப் பிரித்து அடுக்க வேண்டும். மஸ்ஜிதுந் நபவி கட்டப்பட்டபோது நபியவர்கள் தாமே கல் சுமந்தார்கள். இதைச் சொன்னவுடன் சில இளைஞர்கள் இமாம் என்ன சுமப்பார் என்று தங்களுக்குள் பேசிக்கொள்வது எனக்குக் கேட்கிறது. ஓடு இறக்கும் நாளில் நானும் வரிசையில் நிற்பேன். ஏணியில் மட்டும் ஏறச் சொல்லாதீர்கள்.

கணக்கு விஷயத்தில் நான் நிர்வாகிகளிடம் கண்டிப்பாகப் பேசியிருக்கிறேன். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். சென்ற முறை சேர்த்த கழிப்பறை நிதியின் கணக்கு எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் பலர் உறையை வாங்குவார்கள். அது அவர்கள் உரிமை. அக்கணக்கு இந்த ஆண்டறிக்கையின் பிற்பகுதியில் ரசீது எண்களுடன் அச்சாகிறது. கூரை நிதியின் வரவு செலவு மாதந்தோறும் பள்ளிச் சுவரில், பெண்கள் பிள்ளைகளை அழைக்க வந்து நிற்கும் வேப்பமரத்துப் பக்கத்திலேயே ஒட்டப்படும். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் தாய்மார்கள் எப்படிப் பார்ப்பார்கள்? மரம் வாங்கிய விலை, ஓடு வாங்கிய விலை, கூலி எல்லாம் அதில் இருக்கும். பொருளாளர் அவர்கள் நேர்மையானவர். அதனால்தான் கணக்கை ஒட்டும்படி அவரே முதலில் கேட்டார்.

தம் பிள்ளைகள் தனியார் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் சகோதரர்களும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். எங்களுக்கு இதில் என்ன என்று உங்கள் மனம் கேட்கலாம். உங்களில் பெரும்பாலோர் அகரம் எழுதியது அந்த ஓட்டுக் கட்டடத்தில். உங்கள் பிள்ளையை எங்கே படிக்கவைப்பது என்பது உங்கள் உரிமை. அதில் நான் குறுக்கிட மாட்டேன். உங்கள் கடையில் வேலை செய்பவரின் மகள், உங்கள் படகில் வரும் தொழிலாளியின் மகன், உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாவின் பேரப்பிள்ளை ஆகியோர் அங்கேதான் படிக்கிறார்கள். அவர்களுக்கு வேறு பள்ளி இல்லை. உங்கள் வீட்டு எண்ணிலும் ஓர் உறை வரும். அதைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் தேநீர் வழங்கப்படும். உழைப்புத் தர விரும்புவோருக்கான பதிவேடு தலைமை ஆசிரியை அவர்களின் மேசையில் இருக்கிறது. வீடுகளுக்குச் செல்ல முன்வரும் சகோதரிகளுக்கான பதிவேடு திரைக்கு அப்பால் வைக்கப்பட்டிருக்கிறது. தெருவுக்கு இருவர் வீதம் இன்னும் நான்கு தெருக்களுக்குப் பெயர் வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் ஆசிரியையிடம் சொன்னால் அவர்கள் எழுதிக்கொள்வார்கள். முதல் உறைகள் அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு வரும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.